ஒன்றுமே தெரியாத நிலை: தியானமா, தூக்கமா, சமாதியா?

#1 மணற்கேணி

யோக வகுப்புகளில் அடிக்கடி காதில் விழுவது இது: "உட்கார்ந்தது தெரியும், மணி அடித்தது தெரியும். நடுவில் நாற்பது நிமிடம் ஒன்றுமே தெரியவில்லை. எண்ணம் இல்லை, உடம்பு இல்லை." சிலர் இதை நிர்விகல்ப சமாதி (எண்ணமற்ற முழு ஒடுக்கம்) என்று கொண்டாடுகிறார்கள். சிலர் "தூங்கிட்டீங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? தூக்கம்தான் என்றால் எதை மாற்ற வேண்டும்? தூக்கம் இல்லை என்றால், வீடுபேற்றுக்கும் அதற்கும் என்ன தொடர்பு? பதஞ்சலி, திருமூலர், வேதாந்தம், சித்தாந்தம் எந்தப் பக்கமிருந்தும் எழுதலாம். சொந்த அனுபவக் கதைகளுக்கு வேறு இழை இருக்கிறது. இங்கே முறையும் காரணமும் மட்டும் போதும்.

#2 வில்வம்

தத்துவத்துக்கு அப்புறம் போகலாம். முதலில் கையில் இருக்கிற சோதனைகள்.

சின்முத்திரையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் அழுத்தாமல் தொட்டிருக்க வேண்டும். தூக்கம் வரும்போது சீக்கிரமே நழுவுவது அந்தத் தொடுகைதான். மணி அடிக்கும்போது விரல்கள் விரிந்து கிடந்தால் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. அடுத்தது தலை. முகவாய் நெஞ்சை நோக்கிச் சரிந்து, பிடரியில் வலியும் வாயோரம் ஈரமும் இருந்தால் மீதிப் பதிலும் வந்துவிட்டது. மாலை வைத்து ஜபிப்பவர்களுக்கு இன்னும் சுலபம். மாலை மடியில் விழுந்திருக்கிறதா, கடைசியாக எந்த மந்திரம் வரை நினைவிருக்கிறது என்று பார்த்தால் போதும்.

எழுந்தபின் வரும் முதல் ஐந்து நிமிடத்தையும் கவனிக்கச் சொல்வேன். தூங்கியவருக்குத் தலை கனக்கும், யாராவது பேசினால் எரிச்சல் வரும், காபி தேடும். தெளிவாக உட்கார்ந்தவருக்குக் கால் மரத்திருக்கலாம், ஆனால் தலை லேசாக இருக்கும்.

"நேரம் போனதே தெரியவில்லை" என்பதை மட்டும் சான்றாக எடுக்காதீர்கள். நல்ல சினிமாவிலும் நேரம் போவது தெரியாது.

#3 தாழம்பூ

வில்வம் அம்மா சொன்னதற்கு உடலியல் காரணம் உண்டு. தூக்கத்தின் வாசலில் தசைகளின் இறுக்கம் தளர்கிறது. கழுத்தும் விரலும் அதனால்தான் முதலில் காட்டிக்கொடுக்கின்றன. அதே கட்டத்தில் மூடிய கண்ணுக்குள் முகங்கள், வண்ணச் சுழல்கள், பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல், உடம்பு மிதப்பது போன்ற உணர்வு எல்லாம் வரும். திடீரென்று தூக்கிப்போடுவதும் உண்டு. இவை எல்லாருக்கும் இரவில் படுக்கையில் நடப்பவைதான். உட்கார்ந்தபடி நடந்தால் "தரிசனம்" என்று பெயர் வாங்கிவிடுகின்றன.

இரவு பதினொன்றரைக்குப் படுத்து நாலு மணிக்கு எழுகிறவர் பிரம்ம முகூர்த்தத்தில் உட்கார்ந்தால் தூங்கத்தான் செய்வார். அந்த முகூர்த்தம் சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்பு தொடங்கி 48 நிமிடம் முன்பு முடிகிறது. அதைப் பிடிக்க வேண்டுமென்றால் ஒன்பது மணிக்குப் படுக்க வேண்டும். இல்லையென்றால் ஆறரைக்கு உட்காருவது எவ்வளவோ மேல். ஏழு மணி நேரம் தூங்கியும் உட்கார்ந்தவுடன் கண் சொக்கினால் குறட்டை, இரத்தசோகை, தைராய்டு குறைவு, சளிக்கும் அரிப்புக்கும் போடும் மாத்திரைகள் இவற்றைப் பார்க்க வேண்டும்.

#4 கேள்விக்குறி

திருமூலரே "தூங்கிக்கண்டார் சிவலோகமும் தம்முள்ளே" என்கிறாரே? அருணகிரியார் "சும்மா இரு" என்கிறார். பிறகு ஏன் தூக்கத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்?

#5 தெற்குவாசல்

அந்தத் திருமந்திரப் பாட்டைப் பத்திரகிரியாரின் "தூங்காமல் தூங்கிச் சுகம்பெறுவ தெக்காலம்" என்பதோடு சேர்த்துப் படியுங்கள். தூங்காமல் என்ற நிபந்தனை அங்கே வெளிப்படையாகவே இருக்கிறது. திருமூலரும் "கண்டார்" என்றுதான் பாடுகிறார். காண்பதற்கு ஒருவர் விழித்திருக்க வேண்டும். பாயில் குறட்டை விடுகிறவர் எதையும் காண்பதில்லை.

பதஞ்சலியின் யோகசூத்திரம் இதில் மிகக் கறார். முதல் பாதத்தின் 10-வது சூத்திரம் தூக்கத்தைச் சித்த விருத்திகள் (மனத்தின் அசைவுகள்) ஐந்தில் ஒன்றாக வைக்கிறது. "ஒன்றுமில்லை" என்ற உணர்வைப் பற்றிக்கொண்டு நிற்கும் விருத்தி அது. விருத்திகளை அடக்குவதுதான் யோகம் என்று 2-வது சூத்திரத்திலேயே சொல்லிவிட்டதால், தூக்கமும் அடக்கப்பட வேண்டிய பட்டியலில்தான் வருகிறது. எண்ணம் இல்லை என்பதாலேயே விருத்தி இல்லை என்று ஆகாது.

வேதாந்தத்தில் இந்த இடத்துக்கு இன்னும் நுட்பமான வரைபடம் உண்டு. கௌடபாதரின் மாண்டூக்ய காரிகை, மூன்றாம் பிரகரணத்தின் இறுதிப் பகுதியில் நான்கு தடைகளைக் காட்டுகிறது: லயம், விக்ஷேபம், கஷாயம், ரசாஸ்வாதம். லயம் என்றால் மனம் உறக்கத்துக்குள் அமிழ்வது. விக்ஷேபம், வெளியே ஓடுவது. இவ்விரண்டும் எல்லாருக்கும் தெரியும். ஏமாற்றுவது மற்ற இரண்டும்தான்.

கஷாயத்தில் தூக்கமும் இல்லை, ஓட்டமும் இல்லை, மனம் விறைத்து நிற்கிறது. அடியில் ஏதோ ஒரு பற்றோ பகையோ அழுத்திக்கொண்டிருக்க, மேலே ஓர் இறுகிய வெறுமை. வெளியிலிருந்து பார்த்தால் ஆழ்ந்த தியானம் போலவே தெரியும். தாடையும் நெற்றியும் இறுகியிருப்பது மட்டும் அடையாளம். இதை அடையாளம் கண்டுகொள் என்கிறார் கௌடபாதர். எது அழுத்துகிறது என்று பார்த்து, பகல் வாழ்க்கையில் அதைத் தீர்க்க வேண்டும். இன்னும் அரை மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தால் அது இளகாது. ரசாஸ்வாதத்தில் மனம் அடங்கியதால் ஒரு இன்பம் வருகிறது, பயில்கிறவர் அதை நாவில் வைத்துச் சுவைத்துக்கொண்டே அங்கேயே தங்கிவிடுகிறார். மறுநாள் அந்த இன்பம் வராவிட்டால் "தியானம் சரியில்லை" என்று சோர்ந்துபோகிறாரே, அவர்தான்.

லயத்துக்கு மருந்து: எழுப்பு. விக்ஷேபத்துக்கு: அமைதிப்படுத்து. சமநிலை வந்துவிட்டால்: அசைக்காதே.

#6 பனித்துளி

"எழுப்பு" என்பதற்குப் பாலி நூல்களில் ஒரு முழு நிரலே இருக்கிறது. மகத நாட்டில் புத்தரின் சீடர் மொக்கல்லானர் தியானத்தில் தலையாட்டித் தூங்கிக்கொண்டிருந்தபோது புத்தர் சொன்னதாக அங்குத்தர நிகாயத்தின் ஏழாம் தொகுதியில் வருகிறது. எந்தக் குறிப்பைப் பிடித்திருக்கும்போது தூக்கம் வந்ததோ அதை விடு. போகவில்லையா, கேட்ட அறத்தை மனத்துக்குள் ஆராய். அதற்கும் போகவில்லையா, வாய்விட்டு ஓது. பிறகு இரண்டு காதையும் இழுத்துவிடு, கைகால்களைத் தேய். பிறகு எழுந்து கண்ணைக் கழுவி, நாலா திசையும் பார், விண்மீன்களைப் பார். பிறகு ஒளியை நினை. பிறகு முன்னும் பின்னும் நட. எதற்கும் மசியாவிட்டால் வலப்பக்கமாகச் சாய்ந்து படு, எழ வேண்டிய நேரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு.

முதலில் மனத்தை வைத்து, அப்புறம் வாய், அப்புறம் உடம்பு, கடைசியில் படுக்கை. தூக்கத்தோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிக்கொண்டே உட்காரச் சொல்லவில்லை. நடைத் தியானத்துக்கு 15 முதல் 20 அடி நீளமுள்ள நேர்வழி போதும், மொட்டை மாடியோ கூடமோ. வட்டமாக நடக்க வேண்டாம். திரும்பும் இடத்தில் நிற்பதுதான் மனத்தை எழுப்புகிறது.

#7 வில்வம்

அருமையான வரிசை. இதோடு இருக்கை, உணவு, மூச்சு மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இருக்கையில் பெரும்பாலோர் செய்யும் தவறு, வெறும் தரையில் ஒரு விரிப்பு மட்டும் போட்டு உட்காருவது. இடுப்பு பின்னால் சாய்கிறது, முதுகு கூன் விழுகிறது, நெஞ்சு சுருங்கி மூச்சு மேலோட்டமாகிறது, தூக்கம் வருகிறது. ஜமக்காளத்தை மடித்து இடுப்புக்குக் கீழே மட்டும் 4 முதல் 6 அங்குலம் உயர்த்துங்கள். முழங்கால் இடுப்பை விடத் தாழ்ந்து தரையைத் தொட வேண்டும். தொடாவிட்டால் உயரம் போதவில்லை, அல்லது முழங்காலுக்குக் கீழே ஒரு துண்டு வேண்டும். பத்மாசனம் கட்டாயமே இல்லை. திருமூலர் எண்ணும் ஏழு ஆசனங்களில் சுகாதனமும் ஒன்று. இடுப்பு மூட்டு திரும்பாத ஒருவர் பாதத்தைத் தொடைமேல் இழுத்துப் போட்டால் அந்தத் திருகல் முழுவதையும் முழங்கால்தான் வாங்கும். அங்கே சவ்வு கிழிந்தால் ஆசனத்தோடு நடையும் போகும். நாற்காலி தாராளமாக ஆகும், முதுகை மட்டும் சாய்க்காதீர்கள்.

கண்ணை முழுக்க மூடினால் சொக்குகிறவர்கள் பாதி திறந்து, மூன்று நான்கு அடி தள்ளித் தரையில் பார்வையை விடுங்கள். விளக்கை அணைக்காதீர்கள். முழுச்சாப்பாட்டுக்கும் தியானத்துக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி. ஹடயோக பிரதீபிகை வயிற்றில் கால் பங்கைக் காலியாக விடச் சொல்கிறது. பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் எந்த மந்திரமும் காப்பாற்றாது.

மூச்சுதான் சிக்கலான பகுதி. திருமூலர் கணக்கு: இடப்பக்கம் பூரகம் (உள்ளிழுப்பது) 16, கும்பகம் (அடக்குவது) 64, வலப்பக்கம் ரேசகம் (வெளிவிடுவது) 32. ஒரு சுற்றுக்கு 112 மாத்திரை (கால அளவு). மாத்திரைக்கு ஒரு நொடி என்று வைத்தால் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம். இணையத்தில் இதைப் படித்துவிட்டு முதல் வாரமே 64 எண்ணப் பார்க்கிறார்கள். அது முடிவில் வரும் அளவு, தொடக்க அளவு அல்ல.

தொடக்கம்: 4 எண்ணி இழு, 4 எண்ணி விடு, அடக்காதே. பத்து நிமிடம், இரண்டு மூன்று வாரம். பிறகு 4-6, பிறகு 4-8. வெளிமூச்சு கம்பி போல ஒரே சீராக வந்தபின்தான் அடக்குவது: 4-4-8, சில வாரம் கழித்து 4-8-8, மாதங்கள் கழித்து 4-16-8. இதுவே திருமூலரின் 1:4:2 விகிதம்தான், அளவு மட்டும் கால் பங்கு. விகிதம் நிலைத்தபின் எண்ணிக்கையை 5, 6 என்று ஏற்றலாம்.

எங்கே நிறுத்துவது என்று தெரிய ஒரே விதி போதும்: ரேசகம் முடிந்து அடுத்த பூரகம் அவசரமாகப் பாய்ந்து வந்தால், முந்தைய அடக்கம் உங்களுக்கு அதிகம். ஒரு படி இறங்குங்கள். சிங்கம், யானை, புலியைப் பழக்குவது போல மெல்ல மெல்ல வசப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் பயில்கிறவனையே கொல்லும் என்று பிரதீபிகை இரண்டாம் அத்தியாயத்தில் எச்சரிப்பதும் இதைத்தான்.

தூக்க மயக்கம் உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு. வெளிமூச்சை நீட்டினால் உடம்பு இன்னும் தணியும், தூக்கம் கூடும். அவர்கள் 4-4 சமமாகவே வைத்து, அதற்கு முன் கபாலபாதி (வயிற்றை உள்ளிழுத்து மூச்சை வீசி வெளிவிடுவது) 20 முதல் 30 வீச்சு, இரண்டு சுற்று செய்யலாம். இரத்த அழுத்தம், இதய நோய், கண் அழுத்தம், வலிப்பு, குடலிறக்கம், கர்ப்பம், அண்மையில் வயிற்று அறுவை இவற்றில் ஒன்று இருந்தாலும் கபாலபாதியும் வேண்டாம், கும்பகமும் வேண்டாம்.

#8 கேள்விக்குறி

வேகமாகப் பஸ்திரிகா (துருத்தி போல மூச்சை இழுத்து விடுவது) செய்தால் விரல் நுனியும் உதடும் மின்சாரம் பாய்ந்தது போலச் சுரீர் என்கிறது, கை தானாக மடங்குகிறது. குண்டலினி ஏறுகிறது என்று வகுப்பில் சொல்கிறார்களே?

#9 தாழம்பூ

வேகமாக மூச்சுவிட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. இரத்தத்தின் காரத்தன்மை ஏறுகிறது, அதனால் இயங்கும் சுண்ணாம்புச் சத்து குறைந்து நரம்புகள் எளிதில் துடிக்கின்றன. விரல், உதடு மரமரப்பு, கை விரல் குவிந்து இறுகுவது, தலைச்சுற்றல் எல்லாம் இதன் வரிசை. நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சுவிட்டால் சில நிமிடங்களில் அடங்கும். பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்குகிறவர்களுக்கு அவசரப் பிரிவில் நாங்கள் பார்ப்பதும் இதே காட்சிதான். குண்டலினி உண்டா இல்லையா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. இந்த அறிகுறியை வைத்து அதை நிறுவ முடியாது, அவ்வளவே. நின்றபடியோ, குளத்தில் இறங்கியோ பஸ்திரிகா செய்யவே கூடாது. மயங்கி விழுந்தால் அடியும் படும், தண்ணீரில் என்றால் உயிரும் போகும்.

#10 தெற்குவாசல்

தூக்கம் போய்விட்டது, மூச்சு அடங்கியது, மனமும் அடங்கியது என்று வைத்துக்கொள்வோம். கேள்வியின் மூன்றாம் பகுதி இப்போதுதான் தொடங்குகிறது.

ரமணர் உபதேச உந்தியாரில், 30 பாட்டுகளுக்குள், இதைக் கூர்மையாகப் பிரிக்கிறார். மனம் ஒடுங்குவது இருவகை: இலயம், நாசம். இலயித்தது மறுபடி எழும்; உரு மாய்ந்தது எழாது. மூச்சை அடக்கினால் மனம் வலையில் பட்ட பறவை போல ஒடுங்கும், அவ்வளவுதான். "நான் யார்?" நூலிலும் பிராணாயாமம் மனத்தை அடக்கத் துணை செய்யும், மனோநாசம் செய்யாது என்று உடைத்துச் சொல்லியிருக்கிறார்.

கங்கைக் கரை யோகி ஒருவர் கதையும் அவர் சொல்வதுண்டு. சமாதியிலிருந்து கண் விழித்தவர் சீடனிடம் தண்ணீர் கேட்கிறார். அவன் வருவதற்குள் மீண்டும் சமாதி. நெடுங்காலம் கழித்து விழிக்கும்போது வாயில் வந்த முதல் சொல் "தண்ணீர்". அத்தனை காலமும் தாகம் அப்படியே உள்ளே இருந்திருக்கிறது.

பதஞ்சலிக்கும் இது தெரியும். முதல் பாதம் 19-ல் பிரகிருதியில் (மூல இயற்கையில்) லயமானவர்களைத் தனியே பிரித்துவைக்கிறார். அவர்கள் திரும்பி வருகிறவர்கள். அடுத்த சூத்திரமே மற்றவர்களுக்கு வேண்டியதைச் சொல்கிறது: சிரத்தை, வீரியம், ஸ்மிருதி, சமாதி, பிரஜ்ஞை (தெளிந்த அறிவு). அறிவு இல்லாத ஒடுக்கத்துக்கு அங்கே இடமில்லை.

#11 நல்லூரான்

சைவ சித்தாந்தத்தில் இந்த இடம் இன்னும் தெளிவாக விளங்கும். உயிருக்குக் காரண அவத்தை (நிலை) மூன்று: கேவலம், சகலம், சுத்தம். கேவலத்தில் ஆணவம் (உயிரின் அறிவை மறைக்கும் மலம்) மட்டும் மறைத்து நிற்கும்; கருவிகள் (புலன், மனம் முதலியவை) கூடவில்லை, ஆகையால் அறிவு, இச்சை, செயல் ஒன்றும் விளங்காது. மாயை தரும் உடலும் கருவியும் கூடிச் சிறிது விளங்குவது சகலம். அருளால் மலம் நீங்கி நிற்பது சுத்தம்.

இப்போது யோசியுங்கோ. கருவிகள் எல்லாம் கழன்றுவிட்டன, எண்ணம் இல்லை, உடல் உணர்வு இல்லை. இது சுத்தமா, கேவலமா? கருவி கழல்வது இரண்டுக்கும் பொது. அருளொளி இல்லாமல் கழன்றால் அது கேவலம்தான், ஆணவ இருள். உயிர் ஏறினது மாதிரித் தெரிந்தாலும் தொடங்கின இடத்துக்கே போயிருக்கிறது. கீழால் அவத்தையில் (உயிர் கீழ்நோக்கி ஒடுங்கும் நிலைகளில்) நனவு புருவநடுவிலிருந்து கனவு கண்டத்துக்கும், உறக்கம் இருதயத்துக்கும், துரியம் (நான்காம் நிலை) உந்திக்கும், துரியாதீதம் (அதற்கும் அப்பால்) மூலாதாரத்துக்கும் இறங்கும் என்று சொல்லியிருப்பதும் இதற்காகத்தான். துரியாதீதம் என்ற பெயரைக் கேட்டதும் உயர்ந்தது என்று எடுப்பது பிழை. கீழாலும் உண்டு, மேலாலும் உண்டு.

ஆகவே சரியை, கிரியை, யோகம் மூன்றும் படிகள். யோகத்தின் பேறு சாரூபம் (இறைவன் வடிவைப் பெறுதல்). சாயுச்சியம் (இறைவனோடு ஒன்றி நிற்பது) ஞானத்தால் மட்டும்.

#12 தெற்குவாசல்

நல்லூரான் ஐயா, கேவலத்தையும் லயத்தையும் சேர்த்துப் பார்த்தது மிகப் பொருத்தம். ஒரு இடத்தில்தான் வேறுபாடு. விசாரத்தால் ("நான் யார்" என்று உள்ளே தேடுவதால்) மனம் உருவழிகிறது என்பது ரமணர் நிலை. உங்கள் வழக்கில் ஆணவம் அழிவதே இல்லையே?

#13 நல்லூரான்

சரி. ஆணவம் அநாதி, அழியாது; அதன் சக்திதான் மடங்கும். முத்தியிலும் உயிர் உயிராகவே இருந்து சிவானந்தம் நுகரும். ஒடுக்கினேன் என்று சொல்லும் முயற்சிக்குள்ளும் "நான்" நிற்கிறது, அதனால்தான் இருவினையொப்பு (நல்வினை, தீவினை இரண்டையும் ஒன்றாகக் காண்பது), மலபரிபாகம் (மலம் பக்குவப்படுவது), சத்திநிபாதம் (அருள் பதிவது) என்று வரிசை வைத்தார்கள். சாதகரின் கையில் இருப்பது சிவஞானபோதம் ஒன்பதாம் சூத்திரம் விதிக்கும் அஞ்செழுத்து. பலன் ஒரே இடத்தில் முடியும் என்று நான் ஒப்பமாட்டேன். ஆனால் வெறும் ஒடுக்கம் போதாது என்பதில் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

#14 மணற்கேணி

அப்படியானால் நடைமுறையில் ஒரே ஒரு நொடியைப் பற்றிக் கேட்கிறேன். எண்ணம் நின்றுவிட்டது, தூக்கமும் இல்லை. கௌடபாதர் அசைக்காதே என்கிறார். ரமணர் விசாரி என்கிறார். எதைச் செய்வது?

#15 தெற்குவாசல்

தெளிவாக, "இருக்கிறேன்" என்ற விழிப்பு துலங்கினால் அது சமம். அசைக்க வேண்டாம், கேள்வியும் வேண்டாம். துலக்கம் மங்கி, பஞ்சு போல இதமாக மூடத் தொடங்கினால் லயம், அப்போது "இந்த அமைதி யாருக்கு?" என்று ஒரே முறை. அதை மந்திரம் போலத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் விக்ஷேபத்தை விலைக்கு வாங்குகிறார்கள். கேள்வி கவனத்தைத் தன்மேல் திருப்பிவிட்டால் அதன் வேலை முடிந்தது. பதிலை வார்த்தையில் தேடினால் தத்துவ வகுப்பு ஆரம்பித்துவிடும்.

#16 வில்வம்

அந்த மங்கல் நடக்கும் கணத்தைப் பிடிக்க, தொடக்கக்காரர்களுக்கு நீளமான அமர்வு உதவாது. ஒரு மணி நேரம் ஒரே மூச்சில் உட்காருவதை விட 20 நிமிடம் இரண்டு முறை, நடுவில் ஐந்து நிமிடம் நடை. முடிந்ததும் நோட்டில் ஒரு வரி: லயமா, ஓட்டமா, இறுக்கமா, தெளிவா. வேறு எதுவும் எழுத வேண்டாம். காட்சிகளை எழுதத் தொடங்கினால் மறுநாள் மனம் காட்சி தயாரிக்கும்.

#17 தாழம்பூ

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். முகாம்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் உட்கார்ந்து, தூக்கத்தையும் சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டால் சிலருக்குத் தூக்கமே வராத அதீத உற்சாகம், உலகம் பொம்மை போலத் தோன்றுவது, குரல் கேட்பது என்று போகும். அது முன்னேற்றமும் இல்லை, கர்மா கழிவதும் இல்லை. பயிற்சியை அன்றே நிறுத்தி, வீட்டுக்கு அனுப்பி, தூங்கவைத்து, மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யார் சொன்னாலும் அதை நிறுத்தக் கூடாது. கண் மூடினாலே படபடப்பு வருகிறவர்கள் கண் திறந்தே உட்காரலாம், அல்லது நடைத் தியானத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

#18 கேள்விக்குறி

ஏற்றுக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று: விசாரம் எனக்குப் பிடிபடவில்லை, ஜபம்தான் வருகிறது. மனத்துக்குள் ஜபித்தால் பத்து நிமிடத்தில் சொக்கிவிடுகிறது.

#19 நல்லூரான்

மானசத்தில் தொடங்கினால் அப்படித்தான். முதல் ஒரு மாலை வாய்விட்டுச் சொல்லுங்கோ, அது வாசகம். அடுத்த மாலை உதடு மட்டும் அசைய, அது உபாம்சு. மூன்றாவதில் மானசத்துக்குப் போங்கோ. சொக்கினால் மானசத்தில் கிடந்து போராடாமல் மறுபடி உபாம்சுவுக்கு ஏறுங்கோ, அதிலும் சொக்கினால் வாசகம். மாலையை வலக்கையில் நடுவிரலில் போட்டுக் கட்டைவிரலால் தள்ளுங்கோ, மேருவை (மாலையின் தலைமணியை) தாண்டாமல் திருப்புங்கோ. வீட்டில் மற்றவர்கள் படுத்திருந்தால் வாசகத்தைக் கொல்லைப்புறத்தில் வைத்துக்கொள்ளலாம்.